பதினேழாம் எண் தட்டு

விடுதிக் காப்பாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்திரண்டு வருட அனுபவம். அதில் முப்பது வருடம் அரிசி, பருப்பு, விறகு, தண்ணீர் வராத குழாய் ஆகியவற்றோடு போயிற்று. மிச்சம் இரண்டு வருடத்தில்தான் எழுதும்படியாக ஏதோ நடந்தது. அதிலும் பெரும்பகுதி நான் செய்த தவறுகள். அதனால் நீண்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். என் தவறுகளை என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியும். சாதனைகள்தான் இழுக்கும்.

முதலில் என் அட்டவணையைப் பற்றிச் சொல்கிறேன். அது ஒரு காலத்தில் சாதனைப் பட்டியலில் இருந்தது.

கள்ளக்குறிச்சியில் ஓர் அறக்கட்டளை நடத்திய பெண்கள் விடுதி. அறுபத்திரண்டு பிள்ளைகள். பெரும்பாலோர் சுற்றுவட்டக் கிராமங்களில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். மீதி எட்டுப் பேர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எண்பதுகளின் பிற்பகுதி. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த சமயம். டீக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்தால்கூட யார் எந்தப் பக்கம் என்று மூன்றாவது ஆள் கணக்குப் போடுவார். விடுதிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “வெளிய நடக்கிறது உள்ள வந்துடக் கூடாதும்மா.”

வெளியே நடப்பது உள்ளே வராமலிருக்க நான் கண்டுபிடித்த கருவிதான் அட்டவணை. முழு நீள சார்ட் தாள், மூன்று வண்ண மை. சாப்பாட்டுக் கூடத்தில் யார் பக்கத்தில் யார் என்பது ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாறும். ஊர்க்காரி ஊர்க்காரியோடு ஒட்டிக்கொள்ள முடியாது. உறவுக்காரி உறவுக்காரியோடு கூட்டம் சேர முடியாது. ஒரு வருடத்தில் எல்லோரும் எல்லோரோடும் உட்கார்ந்திருப்பார்கள். ஒற்றுமை பிறந்துவிடும். செயலாளர் பாராட்டினார். பக்கத்து ஊர் விடுதிக்காரர் ஒருவர் வந்து நகல் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய விடுதியில் என்ன நடந்ததோ, இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.

அப்போது நான் நிறையப் படிப்பேன். குழந்தைகளின் மனதைப் பற்றி மூன்று தடித்த புத்தகங்கள் சென்னையிலிருந்து வாங்கி வந்து மேசைமேல் வைத்திருந்தேன். அந்த மேசையிலிருந்து பதினைந்து அடி தூரத்தில்தான் தனக்கோடி சாப்பிடாமல் இருந்தாள்.

தனக்கோடிக்கு அப்போது பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு. திருநாவலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா இல்லை. அப்பா ஆந்திராப் பக்கம் போர்வெல் லாரியில் வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அவள் வளர்ந்தது பெரியப்பா வீட்டில். விடுதியில் சேர்க்கும்போது பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். பெண் பேசமாட்டாள். கூப்பிட்டால் உடனே எழுந்து நிற்பாள். எங்கள் விடுதியில் ஒவ்வொரு தட்டிலும் எண் அடித்திருக்கும், அவரவர் தட்டு அவரவருக்கு. அவளுடையது பதினேழு.

ராமாயிக்கும் அதே வயது, அதே வகுப்பு. வெள்ளிமலையைத் தாண்டி இரண்டு மணி நேரம் நடந்தால் அவள் ஊர். வாய் ஓயாது. முந்தைய வருடம் மூன்று தடவை விடுதியை விட்டு ஓடியவள். மூன்று தடவையும் கச்சிராயபாளையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவளைப் பிடித்துக்கொண்டு வந்தோம். அந்த வருடம் ஏனோ ஓடவில்லை. என் கண்டிப்புதான் காரணம் என்று பதிவேட்டில் எழுதினேன். தனக்கோடி வந்து சேர்ந்த வருடமும் அதுதான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் சமையல்காரப் பாக்கியம் கரண்டியோடு என் அறைக்கு வந்தாள்.

“டீச்சர், அந்த மலைப்பொண்ணு தெனைக்கும் தனக்கோடி தட்டுலேந்து புடுங்கித் தின்னுது. நாம போடறது பத்தலியா அதுக்கு? நான் போட்டுட்டுத் திரும்பல, கைய வுட்டுது!”

“அட்டவணைப்படி ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இல்லையே?”

“இன்னா அட்டவணையோ போங்க. எங்க உக்காந்தாலும் நவுந்து நவுந்து அவகிட்ட போயிடுது.”

ராமாயியைக் கூப்பிட்டேன்.

“ஏன் அவ தட்டுல கை வைக்கிற?”

“சும்மா டீச்சர்.”

“உனக்குப் போடறது பத்தலையா?”

“பத்துது டீச்சர்.”

“அப்புறம்?”

“அவ சோறு நல்லாக்கீது டீச்சர்.”

“ரெண்டு பேர் சோறும் ஒரே குண்டான்ல வடிச்சதுதானே?”

“அதான் டீச்சர், எனக்கும் ஆச்சரியமாக்கீது” என்று சிரித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. திருட்டுப் புத்தி என்ற சொல்லை அப்போது பயன்படுத்தினேன். தனக்கோடியையும் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். அந்த மௌனத்துக்கு என் புத்தகங்களில் நிறைய விளக்கம் இருந்தது. ‘பயந்துபோயிருக்கிறாள், பாவம், வலியவள் எளியவளை மிரட்டுகிறாள்’ என்ற விளக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

உங்களிடம் மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. என் முடிவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒரு தட்டில் இரண்டு கை, அதில் ஒரு கை மலைக் கை. கீழ்நாட்டுப் பெற்றோர் யாராவது பார்த்து எச்சில் என்று வாயைத் திறந்தால், அந்த மாதத்தில் அது எச்சிலோடு நிற்காது. எனக்கே எச்சில் என்றால் ஆகாது. என் வீட்டில் என் டம்ளரை என் கணவர்கூடத் தொடமாட்டார். ஆகவே ஒற்றுமைக்காக அட்டவணை போட்ட நான், சமாதானத்துக்காக இரண்டு பிள்ளைகளைப் பிரித்தேன். ராமாயி கூடத்தின் அந்தக் கோடி, தண்ணீர்ப் பானை பக்கம். தனக்கோடி இந்தக் கோடி, என் கண் முன்னால். படுக்கிற அறையும் வேறு வேறு. இருவரும் ஒன்றாக உட்கார்ந்தால் ராமாயியை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றும் சொல்லிவைத்தேன். பாக்கியத்துக்கு ஏக திருப்தி.

அடுத்த மூன்று வாரத்தைப் பற்றி என் பதிவேட்டில் இப்படி இருக்கிறது: “தனக்கோடி பரிமாறும் வேலைக்குத் தானாக முன்வருகிறாள். பொறுப்புணர்ச்சி கூடியிருக்கிறது.” நல்ல கையெழுத்து வேறு. பரிமாறுகிறவள் கடைசியில் சாப்பிடுவாள், கடைசியில் சாப்பிடுகிறவளை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை விரதம் என்றாள், சரி என்றேன். வெள்ளிக்கிழமையும் விரதம் என்றாள். பக்தியும் கூடியிருக்கிறது என்று எழுதினேன்.

பள்ளியில் காலை இறைவணக்கத்தில் மயங்கி விழுந்தாள்.

அரசு மருத்துவமனையில் ஒரு மூத்த பெண் டாக்டர். அதிகம் பேசாதவர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், என்னிடம் திரும்பினார்.

“வயித்துல நோவு ஒண்ணும் இல்ல. சோறும் இல்ல. இவ யாரோட உக்காந்து சாப்பிடுறா?”

நல்ல கேள்வி கேட்டுவிட்டார் என்று எனக்கு உற்சாகம். அட்டவணையை விளக்கினேன். திங்கட்கிழமை மாற்றம், ஒரு வருடச் சுழற்சி, எல்லாம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

“கலர் மையிலயா போட்டிருக்கீங்க?” என்றார்.

“ஆமாம் டாக்டர்.”

“சரி” என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பஸ் நிலையம் வரை வந்த பிறகுதான் அது பாராட்டு இல்லை என்று உறைத்தது. இந்த வேலையில் எனக்கு யாராவது குரு என்று உண்டென்றால் அந்த அம்மாள்தான். மொத்தப் பயிற்சியும் ஒரே கேள்வியில் முடிந்துவிட்டது. மாணவி மந்தம் என்பதால் விடை கிடைக்க இன்னும் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் தனக்கோடிக்குத் தனியாக வாழைப்பழம் வைத்தேன், வெல்லம் வைத்தேன். தட்டு எவ்வளவு நிறைந்ததோ அவ்வளவு தூரம் அவள் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் சாலை மறியல் வந்தது. ஊருக்கு வெளியே புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே படுத்துவிட்டன. பஸ்கள் நிலையத்தில் வரிசையாக நின்று வெயில் காய்ந்தன. பள்ளிகளை மூடிவிட்டார்கள். முடிந்தவரை பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று செயலாளர் ஆள் அனுப்பினார். இரண்டு நாளில் அப்பாக்கள் சைக்கிளிலும் மாட்டுவண்டியிலும் வந்து அழைத்துப் போனார்கள். மலைக்குப் பஸ் கிடையாது, எனவே மலைப்பிள்ளைகள் எட்டுப் பேர் தங்கிவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் தனக்கோடி. அவளைத் தேடி யாரும் வரவில்லை. பாவம் என்று நினைத்தேன். யாரும் வராததுதான் அப்போதைக்கு அவளுக்கு வாய்த்த நல்ல காரியம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“டீச்சர், மரம் வெட்டிப் போடறவங்க எங்க ஊருக்கு வரணும் டீச்சர்” என்றாள் ராமாயி. “எங்களுக்கு மரம் ஜாஸ்தி, ரோடு கம்மி. வந்து ஏமாந்து போவாங்க.”

அறுபத்திரண்டு பேருக்குப் போட்ட அட்டவணை ஒன்பது பேருக்குப் பொருந்தாது. ஒரே வரிசையில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டேன். அன்று மதியம் பாக்கியத்துக்கு அரிசி எடுத்துக் கொடுத்து அவளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, சாமான் அறைக்குள் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ராமாயி பேசிக்கொண்டே கையை நீட்டிப் பதினேழாம் எண் தட்டிலிருந்து ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியில் நான் படியைக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

“ராமாயி! உனக்கு எத்தனை தடவை சொல்றது?”

எல்லோருடைய கையும் நின்றது. தனக்கோடியின் கை மட்டும் நிற்கவில்லை. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேகமாக, குனிந்து, பெரிய பெரிய கவளமாக. ஒரு மாதத்தில் அவள் சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ராமாயி தனக்கோடியைப் பார்த்தாள். தனக்கோடி மென்றுகொண்டே மெதுவாகத் தலையை ஆட்டினாள். சொல் என்பது போல.

“இவங்க வூட்ல தட்டு நெறைய சோறு போட்டு வெப்பாங்களாம் டீச்சர்” என்றாள் ராமாயி. “வெச்சிட்டு இவங்க பெரியம்மா கதவாண்ட நின்னுகினு பாப்பாங்களாம். எல்லாரும் தின்றதுக்கு முன்ன இவ கைய வெக்கிறாளா இல்லியான்னு. வெச்சா...”

தனக்கோடியின் இடது கையை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேல் இரண்டு தழும்பு. கரண்டிக் காம்பு அகலம்.

“மிச்ச சோறுன்னா தின்னலாமாம். எச்சில் பட்டாத்தான மிச்சம்? அதான் நான் மொதல்ல எச்சில் பண்ணி வுட்டுடுவேன். அப்பறம் அவளே தின்னுடுவா.”

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“சத்தியம் வாங்கிக்கினா டீச்சர். நீங்க திருடின்னு சொன்னப்போ சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சி. மொறைச்சா. வுட்டுட்டேன்.”

பதின்மூன்று வயதுப் பெண் திருடிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு ஒரு மாதம் தண்ணீர்ப் பானை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், சிநேகிதிக்குக் கொடுத்த வாக்குக்காக. நான் மூன்று புத்தகம் படித்தவள்.

ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் நினைவில் வையுங்கள். பழைய வீட்டில் ஒரு தூணை எடுக்கச் சொன்னால் கொத்தனார் முதலில் அண்ணாந்து பார்ப்பார், அதன் மேல் என்ன நிற்கிறது என்று. அடிபட்ட பிள்ளைக்கு ஒரு சிநேகிதி இருந்தால், அந்தச் சிநேகம் உங்களுக்கு எவ்வளவு கோணலாகத் தெரிந்தாலும், கை வைப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். நான் குனிந்து அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பெரியப்பா வந்தார்.

சாய்ந்த மரங்களின் மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி வந்திருந்தார். வேட்டியெல்லாம் புழுதி. கொடுமைக்காரர் எப்படி இருப்பார் என்று மனதில் ஒரு படம் வைத்திருந்தேன், மீசை முதலானவை உட்பட. வந்தவர் மெலிந்த, மரியாதையான மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டார்.

“புள்ளைய இட்டுகினு போவலாம்னு வந்தேங்க. வூட்ல எம் பொஞ்சாதிக்கு ஒடம்பு செரியில்ல. மாடு கன்னு பாக்க ஆள் இல்ல. இஸ்கூல் தொறந்ததும் கொண்டாந்து வுட்டுடறேன்.”

“ரோடு இப்படி இருக்கே?”

“நான் வரலியாங்க? பின்னால குந்த வெச்சிக்கினு போயிடுவேன்.”

“அவளுக்கு உடம்பு சரியில்லை. மயக்கம் போட்டு விழுந்தா.”

“வூட்ல வெச்சிப் பாத்துக்கறோங்க. நான் இன்னா அந்நியனா?”

அந்நியன் இல்லை. அதுதான் சிக்கல். சேர்க்கைப் படிவத்தில் அவர் கையெழுத்து. விதிப்படி அவர் கேட்டால் நான் அனுப்ப வேண்டும். இன்றைக்கு உங்களுக்குச் சட்டம் இருக்கிறது, குழு இருக்கிறது, கூப்பிட எண் இருக்கிறது. அதையெல்லாம் தயங்காமல் பயன்படுத்துங்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்த சட்டம் அந்தப் படிவம் ஒன்றுதான். மூன்று வருடமாக விதி, விதி என்று பிள்ளைகளை விரட்டியவள் அந்த விதியிடமே மாட்டிக்கொண்டேன். தழும்பைப் பற்றி நேராகக் கேட்டால் இல்லை என்பார். கேட்டதற்கும் சேர்த்து வீட்டில் அவள் கையில் விழும். கேட்காமல் விட்டால் இப்போதே சைக்கிளில் ஏறிப் போய்விடுவாள். கதவுக்குப் பின்னால் ராமாயியின் பாவாடை தெரிந்தது. ஒட்டுக் கேட்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பாவாடை.

அந்த நேரத்தில் பாக்கியம் சாப்பாட்டு மணி அடித்தாள்.

அடுத்து நடந்ததை நான் திட்டமிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், சாப்பாட்டு நேரத்தில் வந்தவரைச் சாப்பிடச் சொல்வது ஒரு பழக்கம், அவ்வளவுதான். “வெயில்ல வந்திருக்கீங்க, சாப்பிட்டுப் போங்க” என்றேன். யோசிக்க இன்னும் கால் மணி நேரம் கிடைக்குமே என்ற எண்ணமும் உண்டு. அவர் மறுத்தார், பிறகு உட்கார்ந்தார். பிள்ளைகள் வழக்கம்போல எதிர் வரிசையில். தனக்கோடி அவருக்கு நேர் எதிரே. ராமாயி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சோறும் முருங்கைக்கீரைச் சாம்பாரும். எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். தனக்கோடி கையை மடியில் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

“தின்னு பாப்பா” என்றார் பெரியப்பா.

அவள் அசையவில்லை.

“அட, தின்னு. யாரு இன்னா சொல்லப்போறாங்க?”

அவள் தட்டை விட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். வரிசையில் ஒவ்வொரு கையாக நின்றது. பாக்கியம் கரண்டியை எடுத்தது எடுத்தபடி நின்றாள். பெரியப்பா அவள் தட்டைப் பார்த்தார், பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு தன் தட்டைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

ராமாயி சொம்பைக் கீழே வைத்தாள். நேராக வந்து தனக்கோடி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “கீரை உப்பு கம்மி பாக்கியக்கா” என்று பாக்கியத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே பதினேழாம் எண் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். தனக்கோடி கையை மடியிலிருந்து எடுத்தாள். சாப்பிட்டாள்.

பெரியப்பாவுக்கு அதற்கு மேல் இறங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

எனக்குக் கால் மணி நேரம் தேவைப்படவில்லை. “அவ இங்கேயே இருக்கட்டுங்க” என்றேன். “அவ அப்பா வர்ற வரைக்கும். லீவுலயும். அப்படியே எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

அவர் மாடு கன்று என்று ஆரம்பிப்பார் என நினைத்தேன். அவர் தாளை வாங்கி, நான் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல் மாணலாக வந்தது. வாசலில் செருப்பை மாட்டியவர் திரும்பி, “அதுக்கு வேளைக்குச் சோறு போடுங்க டீச்சர்” என்றார். எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. வாயைத் திறக்கும்போதுதான், முந்தைய ஒரு மாதம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஆந்திராவிலிருந்து அவள் அப்பா வந்தார். தழும்பைப் பார்த்துவிட்டு, சேர்க்கைப் படிவத்தை எடுக்கச் சொன்னார். பொறுப்பாளர் பெயரை மாற்றி எழுதினோம். அந்தக் கோடை விடுமுறைக்கு அவள் ராமாயியோடு வெள்ளிமலை பஸ் ஏறினாள், அப்பாவின் சம்மதக் கடிதத்தோடு. ஊர் இருந்த நிலையில் கீழ்நாட்டுப் பெண் மலை வீட்டில் போய்த் தங்குவதா என்று செயலாளர் இழுத்தார். வெளியே நடப்பது உள்ளே வரக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அவர் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். நான் சொன்னதற்கு எனக்கே அர்த்தம் சரியாகத் தெரியாது. சொல்ல நன்றாக இருந்தது.

ஆனால் நான் பெருமைப்படுவது இதற்கெல்லாம் இல்லை. அதற்கு இன்னொரு பத்து நாள் கதையைச் சொல்ல வேண்டும்.

மறியல் முடிந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் ராமாயியின் அப்பா மலையிலிருந்து வந்தார். அவள் அக்காவுக்குக் கல்யாணம், பத்து நாள் விடுப்பு வேண்டும் என்றார். கொடுத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராமாயி என் அறைக்கு வந்தாள். அவள் என்னிடம் அத்தனை தீவிரமான முகத்தோடு பேசியதே இல்லை.

“டீச்சர், பத்து நாளைக்கு நீங்கதான் பாத்துக்கணும்.”

“எதை?”

“அவ தட்டை. ஒரு வாய் எடுத்தாப் போதும். வேற யாருகிட்டயும் குடுக்காதீங்க. பாக்கியக்கா எல்லார்கிட்டயும் சொல்லிடும்.”

“நானா?”

“ஆங். பாத்துகினே எடுக்கக் கூடாது. வேற எதுனா பேசிக்கினு எடுக்கணும். நீ தின்னுனு சொல்லக் கூடாது. தின்னாளா தின்னாளான்னு முன்னாலயே நிக்கக் கூடாது.” கொஞ்சம் யோசித்து, “நீங்க நிப்பீங்க. நிக்காதீங்க” என்றாள்.

மூன்று புத்தகத்திலும் இல்லாத பாடத்திட்டம் இது. எனக்கு எச்சில் ஆகாது என்று முன்பே சொன்னேன். அன்று மதியம் தனக்கோடியின் தட்டு முன்னால் போய் உட்கார்ந்தபோது என் கை ஏதோ தீக்குள் போவது போலத்தான் போயிற்று. கவளத்தை எடுத்தேன், கோவில் பிரசாதம் போல மரியாதையாக வாயில் போட்டேன், நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். மூன்று தவறையும் ஒரே கவளத்தில் செய்துவிட்டேன். அவள் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே எடுத்தேன். குரல் செயற்கையாக இருந்தது, எனக்கே தெரிந்தது. அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள், என் மேல் இரக்கப்பட்டு என்று நினைக்கிறேன். நாலாம் நாள் பாக்கியத்தோடு உண்மையாகவே ஒரு சண்டை வந்தது, புளி தீர்ந்துபோன விஷயத்தில். கத்திக்கொண்டே என்னையறியாமல் தனக்கோடியின் தட்டிலிருந்து ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டுவிட்டேன். சண்டையை முடித்துத் திரும்பிப் பார்த்தால் தட்டு காலி.

அன்றிலிருந்து தினமும் பாக்கியத்தோடு சண்டை போட்டேன். அவளுக்குக் கடைசி வரை காரணம் தெரியாது. என்னை மன்னிக்கவும் இல்லை.

பத்தாம் நாள் ராமாயி வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“எத்தினி நாளு தின்னா?”

“ஏழு நாள்” என்றேன். குரல் பணிவாக வந்தது, நான் என்ன செய்ய?

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். “பரவால்ல டீச்சர். நான் மூணுன்னு நெனச்சேன்.”

ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள், கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் தந்தார்கள். அதில் என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. எனக்குக் கிடைத்த உண்மையான நற்சான்று அந்தப் ‘பரவால்ல’தான். கொடுத்தவளுக்கு அதைக் கொடுக்கும் தகுதி முழுமையாக இருந்தது.

தனக்கோடி மாறியது ஒரே நாளில் இல்லை. வருடத்தின் நடுவில் ஒருநாள் அவள் ராமாயியோடு ரிப்பனுக்காகச் சண்டை போடுவது என் அறை வரை கேட்டது. அவள் குரல் அவ்வளவு உயரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தடுக்கப் போன பாக்கியத்தைக் கையமர்த்திவிட்டு உட்கார்ந்து கேட்டேன். நன்றாகச் சண்டை போட்டாள். அந்த வாரமே என் அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் மளிகைப் பட்டியல் எழுதினேன். நல்ல கனமான தாள், வீணாக்குவானேன்?

அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் நாள் மதியம். நான் பதிவேட்டில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். பாக்கியம் கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

“டீச்சர், கேட்டீங்களா கூத்த! புதுசா வந்த பொண்ணு ஒண்ணு தட்டு முன்னால குந்திக்கினு அழுவுது. நம்ம தனக்கோடி போயி பக்கத்துல குந்திக்கினு, இன்னாத்தையோ பேசிக்கினே அது தட்டுலேந்து புடுங்கித் தின்னுது. இதுக்கும் அந்தப் புத்தி வந்துடுச்சி பாருங்க!”

நான் பேனாவை மூடினேன். எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. நிக்காதீங்க என்று ராமாயி சொல்லியிருக்கிறாள். உட்கார்ந்துகொண்டேன்.

“தின்னட்டும் பாக்கியம். நீ போய் அந்தத் தட்டுல இன்னொரு கரண்டி போடு” என்றேன்.